தாத்தா ஏறிய கார் எது?

எங்கள் வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்று பத்துப் பேர் கூடிவிட்டால் தவறாமல் ஒரு வேடிக்கை நடக்கும். "மாமா, நீங்க கார் டிக்கியிலே உட்கார்ந்து பீச்சுக்குப் போன கதையைக் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று யாராவது என் தாத்தாவைக் கிளப்பிவிடுவார்கள். அவரும் சளைக்காமல் தொடங்குவார். அவருடைய தந்தை மயிலாப்பூர் லஸ் பகுதியில் ஒரு வக்கீல் வீட்டில் டிரைவராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வக்கீல் குடும்பத்தை எலியட்ஸ் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும்போது, எட்டு வயதுப் பையனான தாத்தாவும் உடன் செல்வதுண்டு. "முன்னாலே மூணு பேர். பின்னாலே டிக்கியைத் திறந்தா நானும் சின்னையாவும். எங்களுக்குன்னு தனியா ஒரு முன்கண்ணாடி" என்பார். அந்த இடத்தில் சிரிப்பு வெடிக்கும். சாமான் போடுகிற இடத்தில் மனிதர் உட்காருவதா? அதற்கு ஒரு கண்ணாடி வேறா? "உங்களை உள்ளே போட்டு மூடி எடுத்துட்டுப் போயிருப்பாங்க, மாமா" என்று ஒருவர் சொல்ல, பந்தியே குலுங்கும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை இது வெறும் வேடிக்கை. தாத்தாவுக்கு இப்போது 81 வயது. சென்ற ஆண்டு முதல் சில பெயர்கள் அவருக்குத் தப்பத் தொடங்கின. கடைக்குப் போனவர் எதற்கு வந்தோம் என்று திகைத்து நின்றுவிடுகிறார். மருத்துவரிடம் அழைத்துச் சென்ற பெரியப்பா, மறதியின் அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், "நடக்காததையெல்லாம் நடந்த மாதிரி சொல்றார் டாக்டர். கார் டிக்கியிலே உட்கார்ந்து போனேங்கிறார்" என்று அதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார். நான் அருகில் இருந்தேன். தாத்தா ஒன்றும் பேசவில்லை. அன்று முதல் அந்தக் கதையைச் சொல்வதையே அவர் நிறுத்திவிட்டார்.

வரலாறு படிக்கிற மாணவன் நான். சான்று இல்லாமல் ஒன்றை ஏற்கக் கூடாது என்று வகுப்பறையில் அன்றாடம் கேட்கிறோம். சான்று இல்லாமல் ஒன்றைத் தள்ளவும் கூடாதல்லவா? அந்தக் கார் எது என்று கண்டுபிடித்துவிடுவதென முடிவு செய்தேன். ஆறு மாதம் பிடித்தது. அத்தேடலில் காரைப் பற்றியும், காரைவிட அதிகமாக நினைவைப் பற்றியும் நான் தெரிந்துகொண்டவற்றை ஆசிரியப் பெருமக்களோடும் சக மாணவர்களோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

கையில் இருந்த சான்றுகள் மிகக் குறைவு. புகைப்படம் ஒன்றே ஒன்று இருந்ததாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் எங்கள் சைதாப்பேட்டை வீட்டுக்குள் புகுந்தபோது டிரங்குப் பெட்டியோடு ஊறிக் கூழாகிவிட்டது. பதிவு எண் நினைவிருக்கிறதா என்றால், "எம்.எஸ்.னு ஆரம்பிக்கும்" என்றார். அக்காலத்துச் சென்னை வண்டிகளில் எம்.எஸ். என்று தொடங்குவது சர்வசாதாரணம். இப்போதைய 'டி.என். 01' முறை 1989-இல்தான் வந்தது. ஆகவே அது துப்பாகவில்லை. நிறத்தைக் கேட்டேன். என்னிடம் பச்சை என்றார். என் தங்கையிடம் பாலேடு நிறம் என்றாராம். இடையில் வண்டிக்கு மறுபடி பெயின்ட் அடித்திருக்கவும் கூடும். நிறத்தை நம்பிக் காரைத் தேடுவது, சட்டையை நம்பி ஆளைத் தேடுவது போலத்தான்.

முதலில் நான் செய்தது பெருந்தவறு. என் மாமா ஒருவர் பழைய கார்களில் பித்துக் கொண்டவர். "அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்னா எம்.ஜி.தான், வேறென்ன!" என்று அவர் அடித்துச் சொல்லவே, எம்.ஜி. டி.சி. என்ற காரின் வண்ணப்படம் ஒன்றைத் தாத்தாவிடம் நீட்டி, "இதுதானே தாத்தா?" என்று கேட்டேன். நெடுநேரம் பார்த்தார். "ஆமாண்டா, இதேதான்" என்றார். வெற்றி என்று துள்ளினேன். மறுவாரம் மீண்டும் கேட்டபோது, "சக்கரத்திலே சைக்கிள் மாதிரி கம்பி கம்பியா இருக்கும்" என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தார். இத்தனை ஆண்டுகளாக அவர் சொல்லிவந்த கதையில் கம்பிச் சக்கரம் ஒருநாளும் வந்ததில்லை. அது நான் காட்டிய படத்தில் இருந்தது!

இதை உளவியல் பேராசிரியர் ஒருவரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு ஓர் ஆய்வைப் பற்றிக் கூறினார். 1974-இல் அமெரிக்காவில் எலிசபெத் லாப்டஸ், ஜான் பால்மர் என்ற இருவர் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைத் திரையில் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரே ஒரு வினைச்சொல்லை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றினார்கள். 'மோதி நொறுங்கியபோது' என்று கேட்கப்பட்டவர்கள் மணிக்குச் சுமார் 41 மைல் என்றார்கள். 'தொட்டுக்கொண்டபோது' என்று கேட்கப்பட்டவர்கள் சுமார் 32 மைல் என்றார்கள். பார்த்தது ஒரே படங்கள். இன்னொரு சோதனையில் ஒரு வாரம் கழித்து, "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்று வினவினார்கள். 'நொறுங்கிய' என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். 'இடித்த' என்று கேட்டிருந்த 50 பேரில் 7 பேர். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. கேள்வி அவர்கள் நினைவுக்குள் புகுந்துகொண்டது. இருபது வயதுக் கல்லூரி மாணவர் கதியே இதுவென்றால், அன்புக்குக் கட்டுப்பட்டு "ஆமாம்" என்று தலையாட்டும் ஒரு முதியவரிடம் நான் படத்தை நீட்டியது எவ்வளவு பெரிய அடாத செயல்!

அதன்பின் இரண்டு மாதம் காரைப் பற்றி வாயே திறக்கவில்லை. மீண்டும் தொடங்கியபோது கேள்வியை மாற்றினேன். கார் எப்படி இருந்தது என்று கேட்கவில்லை; நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"எப்படித் தாத்தா ஏறுவீங்க?" என்றதும் நாற்காலியிலிருந்து எழுந்தார். எதையோ பிடித்துக்கொள்வது போல் கையை நீட்டி, ஒரு காலைத் தூக்கினார். "பம்பர் மேலே கால் வைக்க ஒரு படி இருக்கும். அங்கே ஒரு கால். அப்புறம் உள்ளே தாண்டணும்." அவருடைய அப்பா கியர் போடுவது எப்படி என்றதற்கு, வலக்கை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பக்கத்தில் ஒரு கம்பியை அசைத்தது. நம் அம்பாசிடரில் இருந்த 'ஹேண்ட் கியர்' போலத்தான். "ஒண்ணு, ரெண்டு, டாப்பு" என்று எண்ணியும் காட்டினார். ஞாயிறு காலையில் வண்டி கழுவும்போது அவருக்குரிய வேலை என்ன என்று கேட்டேன். "வைப்பரைத் தொடைக்கிறது. மூணு வைப்பர்" என்றார்.

பிறகு நான் கேட்காமலேயே ஒன்று வந்தது. உடைந்த ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து எடுத்த காந்தம் ஒன்று அந்நாளில் அவரிடம் இருந்ததாம். கண்ட இடத்திலெல்லாம் அதை ஒட்டிப் பார்ப்பது வழக்கமாம். "முன் மட்கார்டுலே பச்சக்குனு ஒட்டும். கதவிலே வெச்சா ஒட்டாம கீழே விழுந்துடும். டிக்கி மூடியிலேயும் ஒட்டாது. ஏன்னு அப்பாவைக் கேட்டேன். பெயின்டைக் கீறாதேன்னு ஒரு அறை விட்டார்."

இதைக் கேட்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது. இந்தச் செய்தியை அவருக்கு யாரும் ஊட்டியிருக்க முடியாது. எந்தப் படத்திலும் இது தெரியாது.

இனி, விலக்கும் வேலை. எம்.ஜி. டி.சி. இருவர் மட்டும் அமரும் சிறிய வண்டி. அதன் பின்புறம் பெட்ரோல் டாங்கியும் உபரிச் சக்கரமும் நிற்கும். அங்கே யாரும் உட்கார வழியில்லை. கியரும் தரையில்தான். மூன்று வைப்பர் என்றதும் மாமா, "ஜாகுவார் ஈ-டைப்!" என்று கூவினார். அது 1961-இல் வெளிவந்த கார். அப்போது தாத்தா மீசை முளைத்த வாலிபர். மேலும் பின்னால் இருக்கை கிடையாது.

உண்மையில் எங்களை வழிமறித்து நின்றது 'டிக்கி' என்ற சொல்தான். இன்று நாம் காரில் சாமான் வைக்கும் பகுதியை டிக்கி என்கிறோம். ஆங்கிலேயர் அதை 'பூட்' என்பார்கள், அமெரிக்கர் 'டிரங்க்' என்பார்கள். இந்தியாவில் மட்டும் டிக்கி என்ற பெயர் எப்படி வந்தது? குதிரை வண்டிக் காலத்தில் கோச்சின் வெளிப்புறம் பணியாட்களுக்கென்று இருந்த இருக்கைக்கு 'டிக்கி' என்று பெயர். மோட்டார் கார் வந்தபின், இருவர் அமரும் கார்களின் வால்பகுதியில் ஒரு மூடியை வைத்து, அதைத் திறந்தால் உள்ளே ஓர் இருக்கை இருக்கும்படி செய்தார்கள். அதுவும் டிக்கி இருக்கை ஆயிற்று. ஆள் இல்லாதபோது அதே குழியில் சாமான் வைத்தார்கள். காலப்போக்கில் இருக்கை மறைந்தது, குழி மிஞ்சியது, பெயர் குழிக்குப் போய்விட்டது. ஆக, தாத்தா சொன்ன சொல் சரியான சொல். அதன் பழைய பொருளை மறந்தவர்கள் நாங்கள். மறதி யாருக்கு என்று பெரியப்பாவைக் கேட்கலாம் போலிருந்தது. கேட்கவில்லை.

டிக்கி இருக்கை உள்ள கார்கள் அமெரிக்காவிலும் ஏராளம். அங்கே அதற்கு 'ரம்பிள் சீட்' என்று பெயர். 1930 வாக்கில் வந்த போர்டு, செவ்ரோலெட் வண்டிகளில் அதைக் காணலாம். 1939-ஆம் ஆண்டு மாடல்களோடு அங்கே அது கைவிடப்பட்டது. சென்னையில் பழைய போர்டு ஒன்றை வக்கீல் வைத்திருக்கக் கூடாதா? கூடும். ஆனால் அவ்வண்டிகளில் கியர் தரையில் இருக்கும், வைப்பர் மூன்று கிடையாது, மேலும் அவை எஃகு உடம்பு. காந்தம் எங்கும் ஒட்டும்.

இத்தனையும் கழித்தபின் எஞ்சியது ஒரே கார். டிரையம்ப் ரோட்ஸ்டர்.

இதன் கதை சுவையானது. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, நொடித்துப் போயிருந்த டிரையம்ப் நிறுவனத்தை 1944-இல் வாங்கியது. ஸ்டாண்டர்டின் தலைவர் சர் ஜான் பிளாக். ஜாகுவாருக்குப் போட்டியாகக் கவர்ச்சியான ஒரு வண்டியை இறக்க வேண்டுமென்பது அவர் ஆசை. ஆனால் போர் முடிந்த அந்த நாட்களில் எஃகுத் தகடு கிடைப்பது குதிரைக்கொம்பு. விமானத் தொழிலால் அலுமினியம் மட்டும் தாராளம். எனவே மரச்சட்டத்தின்மீது அலுமினியத் தகடு போர்த்தி உடலைச் செய்தார்கள். மஸ்கிட்டோ போர் விமான வேலைக்குப் பயன்பட்ட ரப்பர் அச்சுகளே இந்தத் தகடுகளை வளைக்கவும் உதவின. உருண்டு திரண்ட முன் மட்கார்டுகளை மட்டும் எஃகில் அடித்தார்கள். தாத்தாவின் காந்தம் மட்கார்டில் ஒட்டிக் கதவில் விழுந்ததற்குக் காரணம் இதுவே.

மற்றவையும் பூட்டுக்குச் சாவி போலப் பொருந்துகின்றன. முன்னால் மூவர் அமரும் ஒரே நீள இருக்கை. கால் இடிக்காமலிருக்கக் கியரை ஸ்டியரிங் தண்டுக்கு ஏற்றினார்கள். முன்கண்ணாடி உயரம் குறைந்து அகலம் மிகுந்தது. அதனால் குட்டை வைப்பர் மூன்று. பின்னால் டிக்கி மூடி இரண்டு பகுதி. ஒன்றைப் பின்னோக்கிச் சாய்த்தால் முதுகுக்குச் சாய்மானம். மற்றொன்றை நிமிர்த்தினால் அதில் பதித்த கண்ணாடி, பின்னால் இருப்பவர்களுக்கு முன்கண்ணாடி! ஏறுவதற்குப் பின் பம்பரில் படி. பெருமளவில் விற்பனைக்கு வந்த கார்களில் டிக்கி இருக்கையோடு வந்த கடைசிக் கார் இதுதான் என்பார்கள். ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயரே தவிர, வேகம் மணிக்கு 75 மைலைச் சற்றே தாண்டும். லஸ்ஸிலிருந்து சாந்தோம் வழியாகப் பழைய எல்பின்ஸ்டன் பாலத்தைக் கடந்து எலியட்ஸ் போவதற்கு அது தாராளம்.

இதில் இரண்டு வகை உண்டு. 1946 முதல் 1948 வரை வந்த 1800 ரோட்ஸ்டரில் நான்கு கியர். சுமார் 2,500 வண்டிகள் செய்தார்கள். அடுத்து 1948-49-இல் வந்த 2000 ரோட்ஸ்டரில் மூன்றே கியர். எண்ணிக்கை 2,000 அளவே. "ஒண்ணு, ரெண்டு, டாப்பு" என்ற தாத்தாவின் மூன்று விரல்கள் இரண்டாவது வகையைத்தான் சுட்டுகின்றன.

இவ்வளவு அரிய கார் சென்னையில் எப்படி ஓடியிருக்கும், பழுதானால் சாமான் எங்கே கிடைத்திருக்கும் என்ற ஐயம் எனக்கு இருந்தது. அதற்கு விடை புதுப்பேட்டையில் கிடைத்தது. உதிரி பாகங்களுக்குப் பேர்போன அந்தத் தெருக்களில் முதிய மெக்கானிக் ஒருவரிடம் விவரம் சொன்னேன். வண்டியை அவர் பார்த்ததில்லை. ஆனால் "2000-ன்னா உள்ளே வான்கார்டு இன்ஜின்தானே, தம்பி! மெட்ராஸ்லே வான்கார்டு சாமானுக்கா பஞ்சம்?" என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. ஸ்டாண்டர்டு வான்கார்டு காரின் 2,088 சி.சி. இன்ஜினும் மூன்று கியர்ப் பெட்டியுமே 2000 ரோட்ஸ்டரில் பொருத்தப்பட்டன. அந்த வான்கார்டைச் சென்னையிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் நிறுவனம் ஒருங்கிணைத்து விற்றது. பின்னாளில் வண்டலூரிலிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்ததும் இதே நிறுவனத்திலிருந்துதான். 1985-இல் அவர்கள் வெளியிட்ட 'ஸ்டாண்டர்டு 2000' காரிலும் அந்தப் பழைய வான்கார்டு வம்சத்து இன்ஜினே இருந்தது. இங்கிலாந்தில் இதே குடும்பத்து இன்ஜின் பெர்குசன் டிராக்டரில் உழுதது, டிரையம்ப் டி.ஆர். 2 ஸ்போர்ட்ஸ் காரில் பந்தயம் ஓடியது. ஓர் இன்ஜினுக்கு இத்தனை அவதாரம்!

இப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. கொள்ளுத்தாத்தா அந்த வண்டியை எப்போதும் "ஸ்டாண்டர்டு கம்பெனி வண்டி" என்றே குறிப்பிட்டாராம். அதைக் கேட்டு வீட்டார், "ஹெரால்டு காரைத்தான் சொல்றார், அதிலே ஏது டிக்கி சீட்டு?" என்று தள்ளிவிட்டிருந்தார்கள். டிரைவருக்கு உடம்பைவிட இன்ஜின்தான் தெரியும். அவர் இன்ஜினின் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

இடையில் ஒரு சொல் பற்றி. மாமா இதை 'விண்டேஜ்' என்று சொல்லவிடமாட்டார். கார்ப் பித்தர்கள் கணக்கில் 1919 முதல் 1930 வரை பிறந்தவையே விண்டேஜ். நம் அரசு 2021-இல் கொண்டுவந்த விதியிலோ 50 ஆண்டு கடந்த வண்டி விண்டேஜ், அதற்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு எண்ணும் உண்டு. சட்டப்படி தாத்தா ஏறியதும் விண்டேஜ்தான். மாமா இன்னும் மேல்முறையீட்டில் இருக்கிறார்.

எல்லாம் பொருந்தியும் எனக்கு நிம்மதி வரவில்லை. தாத்தா தாமாக அடையாளம் காட்ட வேண்டும். குற்ற வழக்குகளில் சாட்சி முன்னே ஒரே ஆளை நிறுத்தி "இவன்தானா?" என்று கேட்பதில்லை. ஒத்த தோற்றமுள்ள பலரோடு நிறுத்தி அடையாள அணிவகுப்பு நடத்துவார்கள். நானும் எட்டுப் படங்கள் சேர்த்தேன். எல்லாம் கறுப்பு வெள்ளை, எல்லாம் பின்பக்கத் தோற்றம், எதிலும் பெயர் இல்லை, எதிலும் டிக்கி திறந்திருக்கவில்லை. காட்டியது நானும் அல்ல. என் முகம் காட்டிக் கொடுத்துவிடும் அல்லவா? எது விடை என்றே தெரியாத நண்பன் ஒருவன் வந்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தான். நான் அடுத்த அறையில் நின்றுகொண்டேன்.

எம்.ஜி. வந்தபோது தாத்தாவின் குரல் கேட்டது. "இதை அவன் முன்னாடியே காட்டினான். இது இல்லை. அன்னைக்கு ஆசையா கேட்டான், ஆமான்னுட்டேன்." ஆறாவது படத்தில் நெடுநேரம் சத்தமில்லை. பிறகு, "தம்பி, இதோட டிக்கியைத் திறந்தா எப்படி இருக்கும்? அந்தப் படம் இருக்கா?" என்றார்.

இருந்தது. டிரையம்ப் ரோட்ஸ்டர், டிக்கி திறந்து, கண்ணாடி நிமிர்ந்த படம். அதை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். இடப்பக்க இருக்கையில் விரலை வைத்தார். "இது என் இடம். அந்தப் பக்கம் சின்னையா." சற்று நேரம் கழித்து, "வண்டி பச்சைடா. இதிலே கறுப்பா இருக்கு" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

ஒரு முதியவரின் விரல் ஒன்றை நிரூபித்துவிடாது என்பதை அறிவேன். பதிவேடு கிடைக்கவில்லை. ஆனால் படி, மூன்று வைப்பர், மூன்று கியர், தனிக் கண்ணாடி, காந்தம் என்று இத்தனையும் ஒரே வண்டியில் தற்செயலாக வந்து கூடுமென்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

பொங்கலுக்குப் பெரியப்பா வந்திருந்தார். படத்தை அவரிடம் கொடுத்து, காந்தக் கதையைச் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய்த் தாத்தாவின் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஏம்பா, மழை வந்தா என்னப்பா பண்ணுவீங்க? மேலே கூரையே இல்லையே?" என்று கேட்டார்.

"நனைவோம்" என்றார் தாத்தா.